முகங்காட்டாத தெய்வம்: அண்டத் திகில் கதைக்கு ஒரு முகமூடிக் கடவுளையும் அதன் அடியார் கூட்டத்தையும் அமைக்கும் வழி

மனிதனைப் பொருட்படுத்தாத பேரண்டத்தின் முன் மனிதன் எவ்வளவு சிறியவன் என்று காட்டி அச்சமூட்டும் கதைகளைக் காஸ்மிக் ஹாரர் அல்லது அண்டத் திகில் என்கிறோம். அக்கதைகளில் திரும்பத் திரும்ப வரும் உருவங்களுள் ஒன்று, முகமூடி அணிந்த ஒரு தெய்வமும் அதைச் சூழ்ந்திருக்கும் மறைவான அடியார் கூட்டமும் ஆகும். இத்தகைய கதைகளை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ படித்துவிட்டு, மொரீஷியஸ் மண்ணில் நிகழும் ஒரு கதையைத் தமிழில் எழுத விரும்பி, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருக்கும் புதியவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். நண்பர்களோடு மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கதையாட்டத்துக்குக் களம் அமைப்பவர்களுக்கும் இது பயன்படும்.

படிகளை இங்கே உள்ள வரிசையிலேயே செய்வது நல்லது. புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் தெய்வத்தின் தோற்றத்திலிருந்து தொடங்குகிறார்கள். கொம்பு, நகம், இறக்கை எல்லாம் முடிவான பிறகு, இதை யார் வணங்குவார்கள் என்று தேடுகிறார்கள். அப்படிப் பிறந்த தெய்வத்துக்கு வணங்குபவர்கள் கிடைப்பார்களே தவிர, வணங்குவதற்கான காரணம் கிடைக்காது. காரணம் இல்லாத இடத்தில் அச்சமும் தங்காது.

முதற்படி: பழைய கதைகளைப் பென்சிலோடு படியுங்கள்

இந்த மரபின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. ஆம்புரோஸ் பியர்ஸ் 1886-இல் வெளியிட்ட ஒரு சிறுகதையில், அறிமுகமில்லாத நிலத்தில் அலையும் ஒருவன் தன் கல்லறையையே கண்டு, தான் இருப்பது கார்கோசா என்னும் தன் சொந்த நகரத்தின் இடிபாடுகளில் என்று உணர்கிறான். அவரே 1891-இல் எழுதிய வேறொரு கதையில், ஹஸ்தூர் என்பது ஆடு மேய்க்கும் இளைஞன் ஒருவன் வணங்கும் சாதுவான தெய்வத்தின் பெயர். ராபர்ட் சேம்பர்ஸ் 1895-இல் வெளியிட்ட ‘மஞ்சள் அரசன்’ என்ற தொகுப்பில் இவ்விரு பெயர்களையும் எடுத்துக்கொண்டு, எதையும் விளக்காமல் அங்கங்கே தூவினார். எச். பி. லவ்கிராஃப்ட் 1931-இல் வெளிவந்த தம் கதை ஒன்றில் அவற்றைப் பெயரளவில் சேர்த்தார். அவருக்குப் பின் ஆகஸ்ட் டெர்லத் ஹஸ்தூரைத் தன் குணமும் பகையும் உடைய ஒரு கொடிய தெய்வமாக்கினார். மேய்ப்பனின் தெய்வம் அரை நூற்றாண்டுக்குள் அண்டத்தின் பகையாக மாறியதற்குக் காரணம், இடையில் வந்தவர்கள் அதற்கு முகம் எழுதாமல் விட்டதே ஆகும். டெர்லத் அதற்கு உறவும் பகையும் வகுத்த பிறகு அச்சம் குறைந்துவிட்டது என்பது என் கருத்து.

சேம்பர்ஸின் தொகுப்பில் உள்ள பத்துக் கதைகளில் முதல் நான்கைப் படித்தால் போதும். அந்நான்கையும் இணைப்பது, படிப்பவரின் மனத்தைக் குலைக்கும் ஒரு நாடகநூல். அந்த நாடகத்தை அவர் முழுதாக எழுதவேயில்லை; சில வரிகளை மட்டும் காட்டுகிறார். அவற்றுள் ஒரு சிறு காட்சி இந்தக் கட்டுரையின் பொருளுக்கே அடிப்படையானது. மாறுவேட விருந்தொன்றில் எல்லோரும் வேடத்தைக் கழற்றிவிடுகிறார்கள். அந்நியன் ஒருவன் மட்டும் கழற்றவில்லை. அவனிடம் கேட்கிறார்கள். தான் முகமூடி எதுவும் அணியவில்லை என்கிறான். அவ்வளவுதான் காட்சி. முகமூடி என்று நினைத்தது முகமாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வியை மட்டும் வைத்துவிட்டு ஆசிரியர் விலகிக்கொள்கிறார்.

லவ்கிராஃப்டின் எழுத்தில் இரண்டு இடங்களைப் பாருங்கள். 1922-இல் வெளியான கனவுக் கதை ஒன்றில், லெங் என்ற குளிர்ந்த பாலை மேட்டுநிலத்தில் கல்மடம் ஒன்றில் தனித்து வாழும், மஞ்சள் பட்டு முகமூடி அணிந்த பூசகர் ஒரே வாக்கியத்தில் வந்து போகிறார். 1926-க்கும் 1927-க்கும் இடையே எழுதப்பட்டு, லவ்கிராஃப்ட் 1937-இல் மறைந்த பிறகு 1943-இல் அச்சேறிய நெடுங்கதையில் அதே பூசகர் மீண்டும் வருகிறார். அங்கும் முகமூடி விலகுவதில்லை. பட்டாடை சற்றே நழுவி, புல்லாங்குழலைப் பிடித்திருக்கும் கை மட்டும் தெரிகிறது. அது மனிதக் கை அன்று என்பதே கதைத்தலைவன் ஓடுவதற்குப் போதுமானதாக இருக்கிறது. முகத்தை மறைத்து வைத்துக் கையைக் காட்டிய இந்த உத்தியை எட்டாம் படியில் பயன்படுத்துவோம். 1920-இல் அவர் எழுதிய உரைநடைக் கவிதையில் வரும் நயார்லதோத்தெப் என்னும் தெய்வம், எகிப்திலிருந்து கிளம்பி நகர நகரமாகச் சென்று மின்கருவிகளால் வேடிக்கை காட்டும் மனிதனாக வருகிறது. முகமூடி துணியாலோ உலோகத்தாலோ ஆனதாக இருக்க வேண்டியதில்லை; மனித வடிவமே ஒரு முகமூடியாகலாம் என்பதற்கு அது சான்று.

படிக்கும்போது ஒவ்வொரு பக்கத்திலும் எது காட்டப்பட்டது, எது மறைக்கப்பட்டது என்று ஓரத்தில் குறித்து வாருங்கள். வேறு குறிப்பு எதுவும் இப்போது தேவையில்லை.

இரண்டாம் படி: தமிழ் வாசகருக்கு முகமூடி எதைக் குலைக்கிறது என்று தெளிந்துகொள்ளுங்கள்

மேலைநாட்டுக் கதையில் முகமூடி என்றால் ஏமாற்று, மறைவு, குற்றம். நம் வாசகரின் மனத்தில் அது அப்படி இல்லை. அம்மனுக்கு வெள்ளிக் கவசமும் தங்கக் கவசமும் சாத்துகிறோம். அந்தக் கவசத்தில் கண்ணும் மூக்கும் புன்னகையும் இருக்கின்றன. கல்லில் தெளிவாகத் தெரியாத முகம் கவசத்தால்தான் துலங்குகிறது. தஞ்சைக்கு அருகிலுள்ள மெலட்டூரில் பாகவத மேளா என்னும் நாட்டிய நாடகத்தின்போது நரசிம்மராக நடிப்பவர் விரதம் இருந்து, கோயிலில் பூசிக்கப்படும் முகமூடியை அணிகிறார். அங்கும் முகமூடி தெய்வத்தை மறைப்பதற்காக அணியப்படுவதில்லை. தெய்வத்தை வரவழைப்பதற்காக அணியப்படுகிறது.

இதைவிட ஆழமான செய்தி ஒன்று உண்டு. நாம் கோயிலுக்குப் போவது தெய்வத்தைப் பார்ப்பதற்காக மட்டுமன்று, தெய்வத்தால் பார்க்கப்படுவதற்காகவும்தான். புதிய திருமேனிக்குக் கடைசியாகச் செய்யும் சடங்கு கண் திறத்தல். கடைக்கண் பார்வை ஒன்று போதும் என்று வேண்டுவதும், கண் திறந்து பார்க்கவில்லையே என்று அழுவதும் நம் பக்தியின் அடிப்படைப் பேச்சு. ஆகவே தமிழ் வாசகரை உள்ளூர நடுங்கச் செய்ய வேண்டுமானால், தெய்வத்தின் முகம் விகாரமானது என்று சொல்வதால் பயனில்லை. அந்தத் தெய்வம் தங்களைப் பார்த்துவிடக் கூடாது என்று வேண்டுகிற அடியார்களைக் காட்டுங்கள். கண் திறக்கும் சடங்குக்குப் பதிலாகக் கண்ணை மூடும் சடங்கைச் செய்கிற ஒரு கூட்டத்தைக் காட்டுங்கள். அப்போது முகமூடி தெய்வம் தானே விரும்பி அணிந்த வேடமாக இராது. அடியார்கள் அஞ்சி நடுங்கித் தெய்வத்தின் மேல் கவிழ்த்து வைத்த மூடியாக அது மாறிவிடும். இந்த ஒரு கருத்தை நீங்கள் பிடித்துக்கொண்டால் எஞ்சிய படிகள் தாமாக வழிவிடும். எனவே இதையே மாதிரியாகக் கொண்டு ஒரு தெய்வத்தைப் படிப்படியாகக் கட்டிக் காட்டுகிறேன்.

மூன்றாம் படி: உயிருள்ள வழிபாட்டை இரவல் வாங்காதீர்கள்

இது கதை நுட்பம் பற்றியது மட்டுமன்று, மனச்சான்று பற்றியதும் ஆகும். 1928-இல் வெளிவந்த லவ்கிராஃப்டின் மிகப் புகழ்பெற்ற கதையில் தீய தெய்வத்தை வணங்குபவர்கள் பெரும்பாலும் கலப்பினத்தவர், மாலுமிகள், கறுப்பினத்தவர். அவர்களுடைய நிறமும் பிறப்புமே தீமைக்கு அடையாளம்போல எழுதப்பட்டிருக்கின்றன. அந்தப் பார்வை நம் முன்னோர் மீதும் விழுந்தது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிப் பெரும்பணி ஆற்றிய கால்டுவெல்லே, 1849-இல் வெளியிட்ட நூலில் திருநெல்வேலிச் சீமையின் நாட்டார் வழிபாட்டைப் பேய் வழிபாடு என்று விரித்து எழுதினார். 1834 முதல் ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக மொரீஷியஸ் தீவுக்கு வந்தனர். அவர்களோடு வந்த தீமிதியும் காவடியும் சாமியாட்டமும் அயலார் கண்ணுக்கு அச்சமூட்டும் காட்சிகளாகவே தெரிந்தன.

ஆகவே அலகு குத்துதல், தீமிதி, சாமி இறங்குதல் ஆகியவற்றைத் தீய கூட்டத்தின் சடங்காக மாற்றி எழுதாதீர்கள். எளிதில் கைக்கு எட்டும் காட்சிகள் அவை என்பது உண்மைதான். ஆனால் அவ்வாறு எழுதினால், நம்மைப் பற்றி அயலார் சொன்ன பொய்யை நாமே நம் மொழியில் திருப்பிச் சொன்னவர்களாவோம். காளி, மாரி, முனீஸ்வரர், மதுரைவீரன் ஆகிய பெயர்களைத் தீய தெய்வத்துக்கு மறுபெயராக வைப்பதும் அதே தவறுதான். மெய்யான வழிபாட்டைக் கதையில் தாராளமாகக் கொண்டுவாருங்கள். ஆனால் அதை அதன் சொந்த வெப்பத்தோடும் கண்ணியத்தோடும் கொண்டுவாருங்கள். கதைத்தலைவியின் வீட்டில் தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதம் நடக்கட்டும். தாயார் மரக்கறிச் சமையல் செய்து ஏழு கறி படைக்கட்டும். தீய கூட்டத்தின் சடங்குகள் இவற்றிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ, அவ்வளவுக்கு இரண்டும் தெளிவாகத் தெரியும்.

இதே இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நம் பேய்க் கதைகளில் திருநீறும் வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் பேயை விரட்டும். அண்டத் திகிலில் எதிரே இருப்பது பேய் அன்று. அதற்கு நம்மீது பகையோ ஆசையோ கிடையாது. அதனால் திருநீறு தோற்றது என்று எழுதாமல், துயரப்பட்ட மனத்துக்குத் திருநீறு ஆறுதல் தந்தது என்று எழுதுங்கள். அது உண்மையும்கூட.

நான்காம் படி: அடியார்களின் தேவையைக் கண்டுபிடியுங்கள்

ஒரு கூட்டம் தலைமுறை தலைமுறையாக நீடிக்க வேண்டுமானால் அது தன் மக்களுக்கு ஏதேனும் தந்துகொண்டே இருக்க வேண்டும். செல்வமும் மந்திர ஆற்றலும் தருவதாக எழுதுவது பழகிப்போன வழி. அதைவிட எளிய, அதைவிட இரங்கத்தக்க ஒன்றைத் தேடுங்கள். இத்தீவில் வாழ்பவர்களுக்கு நவம்பரிலிருந்து மே வரை ஒரே அச்சம் உண்டு, அது புயல். நான்காம் வகை எச்சரிக்கை அறிவிக்கப்பட்டு, மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று கதவை அறையும் இரவில், இந்த வீட்டை மட்டும் விட்டுவிடு என்று வேண்டாதவர் எவரும் இல்லை.

நம் மாதிரித் தெய்வத்தை அந்த வேண்டுதலிலிருந்தே பிறப்பிப்போம். 1892 ஏப்ரல் 29 அன்று மொரீஷியஸைத் தாக்கிய பெரும்புயல் போர்ட் லூயிஸ் நகரின் பெரும்பகுதியைச் சிதைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இது வரலாறு. இனி வருவது நம் கற்பனை. சவான் மாவட்டத்தில் பெயர் சொல்லப்படாத ஒரு கரும்புத் தோட்டத்தின் ஆலைக்குள் சில தமிழ்க் குடும்பங்கள் ஒதுங்கியிருக்கின்றன. காற்று திடீரென நின்று, புயலின் கண் தலைக்கு மேல் வந்து, சுற்றிலும் மேகச் சுவரும் நடுவில் தெளிந்த வானமுமாக இருக்கும் அந்த அமைதியில், வெளியே போய் அண்ணாந்து பார்த்தவர்கள் திரும்பி வரவில்லை. தலை குனிந்து, சாறு காய்ச்சும் செப்புக் கொப்பரையைக் கவிழ்த்து அதனடியில் புகுந்துகொண்டவர்கள் பிழைத்தார்கள். மேலே இருப்பது நம்மைப் பார்க்காதவரை நமக்கு வாழ்வு உண்டு என்று அவர்கள் நம்பத் தொடங்கினார்கள். தீவினை செய்ய விரும்பிய ஒருவர்கூட அந்தக் கூட்டத்தில் இல்லை. பிள்ளைகளைக் காப்பாற்ற நினைத்தவர்கள் மட்டுமே இருந்தார்கள்.

தேவை இவ்வாறு முடிவானதும், கூட்டத்தின் அன்றாட வாழ்வை எழுதுங்கள். இங்கே அவசரப்படாதீர்கள், ஒரு நோட்டுப் புத்தகத்தில் பத்துப் பக்கமாவது எழுதிவைக்கலாம். அவற்றில் ஒரு பக்க அளவுச் செய்தியே கதைக்குள் வரும். அவர்கள் தெய்வத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்களா? நம் மாதிரியில் வைக்கவில்லை; பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிடும் என்ற அச்சத்தால், “மேலே இருக்கிறவர்” என்று மரியாதைப் பன்மையில் தாழ்ந்த குரலில் குறிப்பிடுகிறார்கள். வீட்டில் என்ன வேறுபாடு தெரியும்? நம் வீடுகளில் மறைந்த பெரியவர்களின் படங்களைப் பொட்டும் மாலையும் இட்டுச் சுவரில் மாட்டுகிறோம். இவர்கள் வீட்டிலும் படங்கள் இருக்கின்றன, மாலையும் இருக்கிறது. ஆனால் படங்கள் சுவரை நோக்கித் திருப்பி மாட்டப்பட்டிருக்கின்றன. விருந்தாளியாக வந்த கதைத்தலைவி அதைக் காணும் ஒரு காட்சி, இருட்டுக் குகையில் பந்தம் ஏந்திய நாற்பது பேரைக் காட்டுவதைவிட வலியது.

அவர்கள் செலுத்தும் விலை என்ன என்பதையும் முடிவு செய்யுங்கள். நம் கூட்டத்தில் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொரு குடும்பமும் ஒருவருடைய முகத்தைத் தந்துவிட வேண்டும். அவரைக் கொல்வதில்லை; ஒன்றைத் தவிர அவருடைய எல்லாப் படங்களும் அழிக்கப்படுகின்றன, அதன் பிறகு எவரும் அவரை நேருக்கு நேர் பார்ப்பதில்லை. அதே வீட்டில் உணவு உண்டு, அதே வாசலில் அமர்ந்து, பெற்ற தாயின் பார்வைகூடத் தன்மேல் படாமல் அவர் முதுமை எய்துகிறார். எல்லோருக்காகவும் ஒருவர் பிறருடைய பார்வையை இழந்து வாழ்வது புண்ணியம் என்று அவரே நம்புகிறார். அவருக்கு இரங்கும் வாசகர், சற்றுநேரம் கழித்தே அந்த நம்பிக்கையைக் கண்டு அஞ்சத் தொடங்குவார்.

கூட்டத்துக்குள் தலைவர், காவலர், புதியவர் என்ற அடுக்குகள் வேண்டுமானால் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டங்களின் நீண்ட வரிசை எந்தக் கதையையும் காப்பாற்றியதில்லை.

ஐந்தாம் படி: முகமூடியைக் கையால் தொடக்கூடிய பொருளாக்குங்கள்

தெய்வம் எவ்வளவு தெளிவற்றதாக இருக்கிறதோ, முகமூடி அவ்வளவு திட்டவட்டமாக இருக்க வேண்டும். எதனால் ஆனது, எவ்வளவு கனம், யார் செய்தார், எங்கே வைக்கப்படுகிறது, யார் துடைக்கிறார் என்ற ஐந்து கேள்விகளுக்கும் விடை எழுதுங்கள். நம் முகமூடி, 1892-இல் அவர்களைக் காத்த அதே கொப்பரைச் செம்பை அடித்து நீட்டிச் செய்தது, ஒருவர் தனியே தூக்க முடியாத கனமுடையது, கண்துளை இல்லாதது. கரும்பு வயலைத் திருத்தியபோது கூலிகள் பொறுக்கிக் குவித்த கருங்கற் குவியல்கள் இத்தீவின் வயல்களுக்கு நடுவே இன்றும் நிற்கின்றன. அத்தகைய குவியல் ஒன்றின் உச்சியில் அது வானத்தை நோக்கிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் தந்த முகத்தின் கடைசிப் படம் அதன் உட்புறத்தில் ஒட்டப்படுகிறது. அடுக்கு ஏற ஏற, உள்ளே குழிந்திருந்த இடம் நிரம்பி வருகிறது. அது முழுதும் நிரம்பினால் என்ன ஆகும் என்று கூட்டத்தில் எவருக்கும் தெரியாது. கதையில் நீங்களும் சொல்ல வேண்டாம்.

ஆறாம் படி: வானத்தைச் சரியாக எழுதுங்கள்

அண்டத் திகிலில் விண்மீன்கள் வெறும் அலங்காரம் ஆகக் கூடாது. பியர்ஸின் கதையில் இறந்தவன் தலைக்கு மேல் காண்பது அல்டெபரானையும் ஹயடீஸ் கூட்டத்தையும். சேம்பர்ஸும் ஹயடீஸைத் தம் கார்கோசாவோடு இணைத்தார். அல்டெபரான் என்பது நம் உரோகிணி. அகநானூற்றின் 136-ஆம் பாட்டில் திங்கள் உரோகிணியோடு கூடிய நல்ல நாளில் திருமணம் நிகழ்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் திருமணமும் அத்தகைய நாளிலேயே நிகழ்கிறது. அவர்கள் அச்சத்தின் இருப்பிடமாகக் கண்ட விண்மீனை நாம் மங்கலத்தின் விண்மீனாகக் கொண்டிருக்கிறோம். தமிழில் எழுதுபவருக்கு இதைவிட நல்ல கொடை கிடைக்காது.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய உச்சிக்கு நேராக வரும் உரோகிணி, மொரீஷியஸில் தை மாத முன்னிரவில் வடக்கு வானில் சரிந்து நிற்கும். உரோகிணிக்கு அடுத்து மிருகசீரிடம், திருவாதிரை, புனர்பூசம் கடந்தால் பூசம். ஆகவே தைப்பூசத்துக்கு நான்கு நாள் முன்பு திங்கள் உரோகிணியை அடைகிறது. அது விரத நாள்களின் நடுவிலும் புயல் பருவத்தின் நடுவிலும் விழும். கூட்டத்தின் சடங்கை அந்த இரவில் வைத்தால், கதைத்தலைவியின் வீட்டு விரதமும் கூட்டத்தின் இரவும் ஒன்றையொன்று தொடாமல் அருகருகே ஓடும்.

தற்காலத்தில் கதை நடக்க வேண்டுமானால், பிரா தோ என்னும் இடத்தில் 1990-களின் தொடக்கத்திலிருந்து இயங்கிய வானொலித் தொலைநோக்கியை நினைத்துப் பாருங்கள். ஆங்கில டி எழுத்து வடிவில், இரண்டு கிலோமீட்டர் நீளக் கிழக்கு மேற்குக் கரத்தில் 1024 சுருள் அலைவாங்கிகளோடு, 151.5 மெகாஹெர்ட்ஸில் தென்வானத்தை அளந்த கருவி அது. வானத்தைப் பார்ப்பதே அறிவு என்று நம்பும் ஆய்வாளரும், வானத்தால் பார்க்கப்படுவதே அழிவு என்று நம்பும் கிழவரும் ஒரே பேருந்தில் பயணம் செய்யும் தீவு இது. அந்த உரையாடலை எழுதுங்கள்.

ஏழாம் படி: தடயங்களை அடுக்குங்கள்

கதைத்தலைவி உண்மையை யாரோ ஒருவர் சொல்லக் கேட்டு அறியக் கூடாது. துண்டு துண்டாகத் தானே கண்டெடுக்க வேண்டும். இதற்கு நம் வரலாறே களம் தருகிறது. 1860-களில் இங்கே தொழிலாளரின் அடையாளச் சீட்டுக்காகப் புகைப்படம் எடுக்கும் வழக்கம் வந்தது. அந்த ஆவணங்கள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் காக்கப்படுகின்றன. நம் கதையில், வரிசையாக வைக்கப்பட்ட படங்களில் ஒரு குடும்பத்தாரின் முகம் மட்டும் ஒவ்வொரு முறையும் அசைந்து மங்கியிருக்கலாம். கழுத்தில் தொங்கும் எண் மட்டும் தெளிவாக இருக்கலாம். மெய்யாக வாழ்ந்த எவருடைய எண்ணையோ பெயரையோ இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அவர்களுக்கு இன்றும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். மூன்று தடயங்கள் போதும். ஒன்று எழுத்தில், ஒன்று பொருளில், ஒன்று உயிரோடிருக்கும் ஒருவர் வாயில் இருந்தால் கதை ஒரே தாளத்தில் ஓடாது.

எட்டாம் படி: வெளிப்படுத்தும் காட்சி

முகமூடியைக் கழற்றி எறியும் காட்சியை எழுதாதீர்கள். கழற்றியதும் நீங்கள் ஏதேனும் ஒரு முகத்தை எழுத வேண்டிவரும். எழுதிய எந்த முகமும் வாசகர் அதுவரை தம் மனத்தில் வரைந்து வைத்திருந்ததைவிடச் சிறியதாகவே இருக்கும். பட்டாடையிலிருந்து நழுவிய கையை நினைவில் கொண்டு, அருகிலுள்ள வேறொன்றைக் காட்டுங்கள். நம் கதையில் முகமூடி அசைவதே இல்லை. புயலின் நடுவில் காற்று நிற்கிறது. கற்குவியலைச் சுற்றி நிற்கும் எல்லோரும் வழக்கம்போலத் தலை குனிந்திருக்கிறார்கள். தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கதைத்தலைவி மட்டும், ஈரமான மண்ணில் விழும் நிழல்கள் எல்லாம் ஒரே திசையில் மெல்லத் திரும்புவதைக் காண்கிறாள். மேலே ஏதோ ஒன்று நகர்கிறது, ஒளி அதனோடு நகர்கிறது என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

இந்த இடத்தில் உரைநடை எளிமையாக இருக்க வேண்டும். சொல்லொணாத, விவரிக்க இயலாத, பயங்கரமான என்ற அடைமொழிகளை முதல் வரைவில் எழுதினாலும் இரண்டாம் வரைவில் நீக்கிவிடுங்கள். நீண்ட வாக்கியங்களை அச்சம் வளரும் பகுதிக்கு வைத்துக்கொண்டு, அச்சம் வந்து சேர்ந்த இடத்தில் குறுகிய வாக்கியங்களால் நடத்துங்கள். பாத்திரங்கள் பேசும்போது தமிழுக்கு நடுவே கிரியோல் சொற்கள் வருவது இயல்பானதே. கதைசொல்லும் குரலில் மட்டும் தமிழ் தடையின்றி ஓடட்டும்.

முடிவை இரண்டு வழிகளில் ஒன்றாக அமைக்கலாம். முகமூடிக்குக் கீழே வெறும் கல் மட்டுமே இருந்தது, மேலே இருப்பது எப்போதும் எல்லோரையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது, பிழைத்தவர்கள் தற்செயலாகவே பிழைத்தார்கள், தலைமுறைகள் தந்த முகங்கள் எல்லாம் வீண் என்று கதைத்தலைவி அறிவது ஒரு வழி. இரக்கமற்ற அண்டத்தை இது நேர்மையாகக் காட்டும். மற்றொரு வழி, அவள் எல்லாவற்றையும் அறிந்த பிறகும், தன் தம்பியின் குழந்தையை நினைத்துத் தன் முகத்தைத் தானே தர ஒப்புக்கொள்வது. நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன், ஏனெனில் அங்கே தீமையைச் செய்விப்பது தெய்வத்தின் வலிமை அன்று, மனிதரின் பாசம்.

கதையாட்டமாக நடத்துபவர்களுக்கு

1981-இல் சாண்டி பீட்டர்சன் வடிவமைத்து வெளிவந்த ‘கால் ஆஃப் குதுலு’ என்ற மேசைக் கதையாட்டத்தில், ஆடுபவர்களின் மனநிலைக்கு ஒரு மதிப்பெண் உண்டு. காணக்கூடாததைக் காணும்போதெல்லாம் அது குறையும். அந்த ஆட்டத்தைத் தழுவி நடத்துவீர்களானால், நம் மாதிரியில் வானத்தைப் பார்த்தால் மட்டுமன்றி, முகம் தந்தவரைப் பாராமல் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் மதிப்பெண் குறையட்டும். ஆடுபவர்கள் தாங்களே கூட்டத்தின் வழக்கத்துக்குப் பழகிப்போவதை அது அவர்களுக்கு உணர்த்தும். நான்கைந்து பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். தொடங்குமுன், புயலில் உறவினரை இழந்தவர் எவரேனும் மேசையில் இருக்கிறாரா என்று தனியே கேட்டறிந்து, இருந்தால் வேறு களத்தைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் வரைவை இருவரிடம் படிக்கக் கொடுங்கள்

ஒருவர், ஆண்டுதோறும் காவடி எடுக்கும் வீட்டைச் சேர்ந்த பெரியவராக இருக்க வேண்டும். அவரிடம் கதை பிடித்திருக்கிறதா என்று கேட்காமல், எந்த இடத்திலாவது தம் வழிபாடு இழிவுபட்டதாகத் தோன்றியதா என்று மட்டும் கேளுங்கள். தோன்றியது என்று அவர் சொன்னால், வாதாடாமல் அந்தப் பத்தியை மாற்றி எழுதுங்கள். மற்றவர், அண்டத் திகிலை நிறையப் படித்த நண்பராக இருக்கட்டும். தெய்வம் எப்படி இருக்கும் என்று ஒரு தாளில் வரைந்து காட்டும்படி அவரிடம் கேளுங்கள். அவரால் எளிதில் வரைய முடிந்தால் நீங்கள் அதிகமாகச் சொல்லிவிட்டீர்கள் என்று பொருள். எட்டாம் படிக்குத் திரும்பிச் சென்று, அவர் வரைந்த ஒவ்வொரு கோட்டுக்கும் காரணமான வாக்கியத்தைத் தேடி நீக்குங்கள். முகமூடியை மட்டும் நுணுக்கமாக வரைந்து, மற்ற இடத்தை வெறுமையாக விட்டுத் தாளைத் திருப்பித் தந்தால், வரைவை அப்படியே வைத்துக்கொண்டு எழுத்துப்பிழை திருத்தும் வேலையைத் தொடங்கலாம்.